கேஜ் கூட்டிக் காட்டும், பிரிப்பது நம் வேலை: ஏசி, ஃப்ரிட்ஜ் அழுத்தக் கோளாறுகள் அறிகுறி வாரியாக

ஏசி வேலையில் வரும் தகராறுகளில் பாதி, கேஜில் பார்த்த ஒற்றை எண்ணிலிருந்து கிளம்புகிறது. "பிரஷர் கரெக்டா இருக்கு, கேஸ் ஃபுல்" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போய்விடுவார். நாலு நாளில் அதே வீட்டிலிருந்து போன் வரும். குழாய்க்குள் ஒரு வாயு இருந்தாலும் மூன்று வாயு இருந்தாலும் கேஜுக்குத் தெரிவது மொத்த அழுத்தம் மட்டும்தான். அதில் எவருடைய பங்கு எவ்வளவு என்று பிரிக்க ஒரு நல்ல தெர்மாமீட்டரும், அந்த கேஸுக்கான, அதாவது குளிர் தரும் வாயுவுக்கான, அழுத்த-வெப்பநிலை அட்டவணையும் வேண்டும். இரண்டும் இன்று செல்போன் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கின்றன. இருந்தும் பலருடைய டூல் பையில் இருப்பதில்லை.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். முதலில் வரும் இரண்டு விதிகளை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்; கீழே உள்ள எல்லாச் சோதனையும் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

முதலில் இரண்டு விதிகள்

முதல் விதி ஜான் டால்டனுடையது. மான்செஸ்டரில் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த மனிதர். 1787-லிருந்து 1844-ல் இறக்கும் வரை வானிலைக் குறிப்பு எழுதியவர். காற்றும் நீராவியும் ஒரே இடத்தில் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்ற கேள்வி அவரை விடவில்லை. 1801-ல் அவர் சொன்னது இது: ஒரு பாத்திரத்தில் பல வாயுக்கள் கலந்திருந்தால், ஒவ்வொன்றும் தான் மட்டும் அங்கே இருந்தால் என்ன அழுத்தம் கொடுக்குமோ அதையே கொடுக்கும். மொத்த அழுத்தம் அவற்றின் கூட்டுத்தொகை.

ஏசிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். உள்ளே கேஸ் கொஞ்சமாவது திரவமாக இருக்கும் வரை, அதன் ஆவி அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை மட்டும்தான். 300 கிராம் இருந்தாலும் 900 கிராம் இருந்தாலும் ஒரே அழுத்தம். காற்றும் நைட்ரஜனும் அந்த வெப்பநிலையில் திரவமாகவே மாறாது. அதனால் அவை எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவு அழுத்தமும் அப்படியே மேலே ஏறி உட்காரும்.

இரண்டாவது விதி, 1880-களில் பிரான்ஸின் ராவுல்ட் கண்டது. ஒன்றில் ஒன்று கரையும் இரண்டு திரவங்கள் கலந்தால், ஒவ்வொன்றின் ஆவி அழுத்தமும் கலவையில் அதன் மூலக்கூறுப் பங்குக்கு ஏற்பக் குறையும். ஆகவே ஆர் 22 என்ற கேஸில் ஆர் 32 என்ற கேஸ் கலந்தால் இரண்டு அழுத்தமும் கூடி நிற்காது. மொத்தம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ வரும். கேஸ் கலவைகள் இந்த விதியை அச்சுப் பிசகாமல் பின்பற்றுவதில்லை, ஆனால் கோளாறு பார்க்க இது போதும்.

கையில் இருக்க வேண்டிய எண்கள், கேஜில் தெரியும் பிஎஸ்ஐயில் (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), கிட்டத்தட்ட:

ஆர் 32: 25 டிகிரியில் 230, 30-ல் 265, 35-ல் 303, 40-ல் 345.
ஆர் 410ஏ: 25-ல் 225, 30-ல் 258, 35-ல் 295, 40-ல் 336.
ஆர் 22: 25-ல் 137, 30-ல் 158, 35-ல் 182, 40-ல் 208.
ஆர் 134ஏ: 25-ல் 82, 30-ல் 97, 35-ல் 114, 40-ல் 133.

ஒரு எச்சரிக்கை. கேஜ் பூஜ்யம் காட்டும்போது உள்ளே ஒரு வளிமண்டல அழுத்தம், அதாவது 14.7 பிஎஸ்ஐ இருக்கிறது. இரண்டு கேஜ் எண்களைக் கழித்துப் பார்ப்பதற்கு இது குறுக்கே வராது. விகிதம் போடும்போது, சதவீதம் பார்க்கும்போது 14.7-ஐக் கூட்டிக்கொள்ளாவிட்டால் கணக்கு தப்பாகும். ஊட்டியில் வேலை செய்பவர்களுக்கு வெளிக்காற்றின் அழுத்தமே 11 சொச்சம்தான்; உள்ளே இருக்கும் கேஸ் மாறாவிட்டாலும் கேஜ் அங்கே மூன்றரை பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும்.

அறிகுறி: ஹை சைடு எகிறுகிறது, கேஸைக் குறைத்தால் குளிர் போய்விடுகிறது

ஹை சைடு என்பது கம்ப்ரசர் அழுத்தித் தள்ளும் பக்கம், லோ சைடு அது உறிஞ்சும் பக்கம். கம்ப்ரசர் ஆம்பியர் அதிகம் இழுக்கிறது, டிஸ்சார்ஜ் பைப்பில் கை வைக்க முடியவில்லை, மதியம் ஆனால் ஓவர்லோடு ட்ரிப். வீட்டு ஸ்ப்ளிட் யூனிட் பலவற்றில் ஹை சைடு போர்ட்டே கிடையாது, அதனால் இந்த அறிகுறிகளை வைத்துத்தான் ஹை சைடு ஏறியிருப்பதை ஊகிக்க வேண்டும்.

கேஜை எடுப்பதற்கு முன் கண்டென்சரை, அதாவது அவுட்டோர் காயிலைக் கழுவுங்கள். ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதா, கெப்பாசிட்டர் நன்றாக இருக்கிறதா, வெளியே தள்ளிய சூடான காற்று சுவரில் முட்டித் திரும்பி வருகிறதா, இதெல்லாம் பாருங்கள். இந்த வேலையைச் செய்யாமல் கேஸில் கை வைப்பவரிடம் என் ஏசியைக் கொடுக்க மாட்டேன்.

அதெல்லாம் சரி என்றால் மிச்சம் இரண்டு சந்தேகம்: கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று. ஓடும்போது இரண்டும் ஒரே மாதிரி நடிக்கும். சப்கூலிங் (திரவமான பிறகு கேஸ் மேலும் எத்தனை டிகிரி குளிர்ந்திருக்கிறது என்ற அளவு) பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சப்கூலிங் கணக்குக்கு அழுத்தத்தை அட்டவணையில் வைத்து வெப்பநிலையாக மாற்றுகிறோம். அந்த அழுத்தத்தில் காற்றின் பங்கும் சேர்ந்திருப்பதால் நாம் எடுக்கும் வெப்பநிலை உண்மையைவிட அதிகம். அதனால் சப்கூலிங்கும் அதிகமாகத் தெரியும். "கேஸ் ஓவர்" என்று கொஞ்சம் வெளியே விடுவார்கள். நல்ல கேஸ் போகும், குளிர் குறையும். மறுபடி ஏற்றுவார்கள். இப்படியே சுற்றும்.

இரண்டையும் பிரிக்க, யூனிட்டை நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும்.

இரவு மெயின் சுவிட்சை அணைத்து, அறையின் கதவு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். காலையில் அவுட்டோர் மேல் வெயில் விழும் முன் போங்கள். அவுட்டோர் காயிலின் வளைவு ஒன்றிலும், இன்டோர் காயிலிலும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். இது ஏன் முக்கியம் என்றால், திரவம் மெல்ல மெல்ல எந்த இடம் குளிர்ச்சியோ அங்கே போய்ச் சேரும். யூனிட் முழுவதின் அழுத்தத்தையும் அந்தக் குளிர்ந்த இடமே தீர்மானிக்கும். ஏசி அறை 24 டிகிரி, மொட்டை மாடி 34 டிகிரி என்று இருக்கும்போது மாடியில் வெப்பநிலை எடுத்து அட்டவணையைப் பார்த்தால் ஒன்றும் பொருந்தாது.

இப்போது கேஜைப் போடுங்கள்.

அட்டவணை எண்ணும் கேஜும் ஒத்துப்போனால் காற்று இல்லை. கேஸ் அதிகமாக இருந்தாலும் நிற்கும்போது அட்டவணை அழுத்தம்தான் காட்டும், ஆகவே கேஸ் அளவைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லாது. அதற்கு ஒரே வழி, மொத்தத்தையும் ரெக்கவரி சிலிண்டருக்கு எடுத்துவிட்டு நேம்பிளேட்டில் போட்ட கிராம் கணக்கில் எடை போட்டு ஏற்றுவது.

கேஜ் அட்டவணையைவிடக் குறைவு என்றால் உள்ளே திரவமே இல்லாத அளவுக்குக் கேஸ் குறைந்திருக்கிறது, அல்லது வேறு கேஸ் கலந்திருக்கிறது.

கேஜ் அதிகமாகக் காட்டினால்தான் காற்றுச் சந்தேகம். ஆர் 32 யூனிட், 30 டிகிரி, அட்டவணை 265, கேஜில் 280 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 15. உடனே தீர்ப்பு எழுத வேண்டாம். 30 டிகிரியை ஒட்டி ஆர் 32-க்கு ஒரு டிகிரி என்பது ஏழரை பிஎஸ்ஐ. உங்கள் தெர்மாமீட்டர் இரண்டு டிகிரி தப்பு என்றால் அந்த 15 அங்கேயே கரைந்துவிடும். ஐஸ் தண்ணீரில் போட்டு அது பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேஜையும் திறந்த காற்றில் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். அப்புறமும் 15 நின்றால் உள்ளே காற்று.

வெறும் 15 பிஎஸ்ஐக்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். நிற்கும்போது காற்று யூனிட் முழுவதும் பரவி இருக்கிறது. ஓட ஆரம்பித்ததும் கம்ப்ரசர் அதைக் கண்டென்சருக்குள் தள்ளுகிறது. கண்டென்சர் கடைசியில் திரவம் நின்று வழியை அடைத்திருப்பதால் காற்றில் பெரும்பகுதி அங்கேயே மாட்டிக்கொள்ளும். முழு யூனிட்டில் பரவியிருந்தது ஒரு சின்ன இடத்தில் நெருக்கப்பட்டால் அதன் பங்கு அழுத்தம் பல மடங்கு ஆகும். போதாததற்கு, அது குழாய்ச் சுவரை ஒட்டி ஒரு படலமாக நின்று, கேஸ் ஆவி சுவரைத் தொட்டுத் திரவமாவதைத் தடுக்கும். அந்தத் தடையைத் தாண்ட வெப்பநிலை இன்னும் ஏற வேண்டியிருக்கிறது. ஆக ஓடும்போது ஏறும் அழுத்தம் வெறும் கூட்டல் கணக்கைவிட அதிகம்.

மிச்ச அழுத்தத்தின் அளவு, காற்று எங்கிருந்து வந்தது என்றும் சொல்லும். வேக்யூம் போடாமல், அதாவது குழாய்க் காற்றைப் பம்ப் வைத்து இழுத்து வெளியேற்றாமல், வால்வைத் திறந்துவிட்டவர் உள்ளே அடைத்தது ஒரு வளிமண்டலக் காற்று. அது நிற்கும்போது 15-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோதான் வரும். மிச்சம் 30, 40 என்று இருந்தால் யாரோ லீக் பார்க்க நைட்ரஜனை ஏற்றி டெஸ்ட் போட்டுவிட்டு முழுவதும் வெளியே விடாமல் மேலேயே கேஸ் ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, எப்படி வெளியேற்றுவது? "காற்று லேசு, மேலே நிற்கும், போர்ட்டைக் கொஞ்சம் திறந்தால் காற்று மட்டும் போய்விடும்" என்று ஒரு வைத்தியம் புழக்கத்தில் இருக்கிறது. மேலே உள்ள எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கேஜில் 280, கூட 14.7, மொத்தம் 295. அதில் காற்று 15. அதாவது ஆவியில் காற்று 5 சதவீதம், மீதி 95 சதவீதம் ஆர் 32. கலந்த வாயு எண்ணெயும் தண்ணீரும் போல அடுக்காகப் பிரிந்து நிற்காது. நீங்கள் வெளியே விடுவதில் இருபதில் பத்தொன்பது பங்கு காசு கொடுத்து வாங்கிய கேஸ், அதுவும் தீப்பிடிக்கும் கேஸ். முழுவதையும் ரெக்கவரி எடுத்து, வேக்யூம் போட்டு, எடை போட்டுப் புதிதாக ஏற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அறிகுறி: நின்ற அழுத்தம் அதிகம்தான், ஆனால் காற்றா, வேறு கேஸா என்று தெரியவில்லை

பழைய ஆர் 22 யூனிட்களில் இது அடிக்கடி வரும். ஆர் 22 கிடைக்காமலோ விலை கட்டாமலோ கையில் இருந்த ஏதோ ஒன்றை யாரோ டாப்-அப் போட்டிருப்பார்கள்.

இதற்கு ஒரே வெப்பநிலையில் ஒரு தடவை பார்த்தால் போதாது. இரண்டு வெப்பநிலையில் பார்க்க வேண்டும். காலை 25 டிகிரியில் ஆர் 22 அட்டவணை 137, கேஜ் 157 என்றால் மிச்சம் 20. யூனிட்டை ஓட்டாமல் அப்படியே விட்டு, மதியம் காயில்கள் இரண்டும் 35 டிகிரிக்கு வந்ததும் பாருங்கள். அட்டவணை 182. மிச்சம் காற்று என்றால் அது வாயுவாகவே இருப்பதால் 10 டிகிரிக்கு மூன்று சதவீதம்தான் கூடும். 20 என்பது 21-ஐத் தாண்டாது, கேஜ் 203-ஐ ஒட்டி நிற்கும். மிச்சத்துக்குக் காரணம் ஆர் 32 அல்லது ஆர் 410ஏ என்றால், இரண்டு கேஸுக்கும் உள்ள இடைவெளியே வெப்பநிலையோடு சேர்ந்து விரிகிறது. 25 டிகிரியில் ஆர் 32-க்கும் ஆர் 22-க்கும் இடைவெளி 93. 35-ல் அது 121. அதே விகிதத்தில் உங்கள் 20-ம் 26 ஆகும், கேஜ் 208 காட்டும்.

203-க்கும் 208-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பழைய முள் கேஜில் படிக்க முடியாது. டிஜிட்டல் கேஜும் ஒட்டிக் கட்டும் சென்சாரும் இருந்தால் மட்டும் இறங்குங்கள். இல்லையென்றால் வீண் வேலை. எப்படியும் இரண்டு நோய்க்கும் மருந்து ஒன்றுதான், முழுவதையும் எடுத்துவிட்டுச் சரியான கேஸ் ஏற்றுவது. கலந்த கேஸை மட்டும் நல்ல சிலிண்டரில் சேர்த்துவிடாதீர்கள். காற்றைப் பிரித்துவிடலாம், கரைந்த இரண்டு கேஸைப் பட்டறையில் பிரிக்க முடியாது.

அறிகுறி: நைட்ரஜன் டெஸ்ட் போட்டேன், காலையில் 11 பிஎஸ்ஐ குறைவு

லீக் தேடி சோப்பு நுரை அடிப்பதற்கு முன் வெப்பநிலையைக் கேளுங்கள். மாலை 35 டிகிரியில் 400 போட்டீர்கள். காலை 27 டிகிரி. 400-உடன் 14.7 கூட்டினால் 414.7. வெப்பநிலையை 273 கூட்டி எழுதினால் 308, 300. 414.7-ஐ 300-ஆல் பெருக்கி 308-ஆல் வகுத்தால் 404, அதில் 14.7-ஐக் கழித்தால் 389. பதினொன்று குறைவது நியாயமான குறைவு, லீக் இல்லை. 380-க்குப் போயிருந்தால்தான் தேட வேண்டும்.

இந்தக் கணக்கு சுத்த நைட்ரஜனுக்கு மட்டும். யூனிட்டில் பழைய கேஸ் மிச்சம் இருக்க, அதன் மேலேயே நைட்ரஜன் ஏற்றியிருந்தால் கணக்கு கெட்டது. உள்ளே திரவம் இருந்தால் கேஸின் பங்கு அட்டவணைப்படி விழும், நைட்ரஜனின் பங்கு மேலே சொன்ன விகிதத்தில் விழும். ஆர் 32-ன் பங்கு மட்டுமே அந்த 8 டிகிரிக்கு 60 பிஎஸ்ஐ போல இறங்கிவிடும். இல்லாத லீக்கைத் தேடி ஒரு நாள் போகும்.

நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில் இருக்கிறதே என்று நினைப்பவருக்கு: கம்ப்ரசர் எண்ணெயும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். இதில் கொஞ்சமாகப் போட்டுப் பார்ப்பது என்று எதுவும் கிடையாது. காற்றுக் கம்ப்ரசரும் வேண்டாம்.

அறிகுறி: வேக்யூம் கேஜ் முழுசாக இறங்கியது, ஆனாலும் கேப்பிலரியில் (கேஸ் போகும் மெல்லிய குழாயில்) ஐஸ் அடைக்கிறது

லோ சைடுக்கான நீல கேஜின் முள் 30 அங்குலப் பாதரச வேக்யூம் கோட்டைத் தொட்டதும் பம்பை நிறுத்துவது பரவலான பழக்கம். 30 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தம் 31.8 மில்லிமீட்டர் பாதரசம், மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் 31,800. குழாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தால், அது கொதித்துத் தீரும் வரை அழுத்தம் அதற்குக் கீழே சுலபமாக இறங்காது. அந்த 31,800 மைக்ரான் நீல கேஜில் எங்கே தெரியும் தெரியுமா? 28.7 அங்குலத்தில். முள் கிட்டத்தட்ட அடியில். ஈரம் முழுசாக உள்ளே இருக்கும்போதே கேஜ் "வேக்யூம் ஆச்சு" என்று காட்டிவிடுகிறது. வேண்டியது 500 மைக்ரான். அதற்கும் சுத்த வெற்றிடத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த கேஜில் ஒரு அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. அந்த முள்ளால் அதைக் காட்டவே முடியாது. மைக்ரான் கேஜ் வாங்குங்கள்.

மைக்ரான் கேஜ் இருந்தால் அறிகுறிகள் தாமாகப் பேசும். 500-க்கு இறக்கி, பம்பின் வால்வை மூடி, பத்து நிமிஷம் காத்திருங்கள். அழுத்தம் ஏறி 1,500, 2,000 என்று ஓரிடத்தில் நின்றுவிட்டால் ஈரம். எண்ணெயில் கரைந்ததும் சுவரில் ஒட்டியதும் வெளியே வந்து, ஒரு மட்டத்தில் நிற்கிறது. நிற்காமல் ஒரே சீராக ஏறிக்கொண்டே போனால் வெளிக்காற்று வருகிறது; குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட்டைப் பாருங்கள், அதைவிட முதலில் உங்கள் ஹோஸ் வாஷரைப் பாருங்கள்.

4,500 மைக்ரான் பக்கத்தில் நீண்ட நேரம் தொங்கினால் உள்ளே தண்ணீர் பனிக்கட்டி ஆகியிருக்கலாம். பூஜ்ய டிகிரிப் பனியின் ஆவி அழுத்தம் 4,580 மைக்ரான். பம்ப் வேகமாக இழுக்கும்போது தண்ணீர் கொதித்துக் கொதித்துத் தன் சூட்டையே இழந்து உறைந்துவிடும். அப்புறம் பனியிலிருந்து ஆவி வருவது ரொம்ப மெதுவாகத்தான். நைட்ரஜனை விட்டு வேக்யூமை உடையுங்கள், காயிலை ஹேர் டிரையர் வைத்துச் சூடாக்குங்கள், மறுபடி இழுங்கள். மூன்று முறை இப்படிச் செய்வதன் பலமும் டால்டன் கணக்குதான்: 2,000 மைக்ரானுக்கு இறக்கி நைட்ரஜனால் வளிமண்டல அழுத்தத்துக்கு ஏற்றும் ஒவ்வொரு தடவையும், உள்ளே இருந்த பழைய காற்று 760,000-ல் 2,000 பங்காக, அதாவது கால் சதவீதமாகக் குறைகிறது.

இதோடு ஒப்பிட்டால், அவுட்டோர் கேஸையே கொஞ்சம் விட்டுக் குழாய்க் காற்றை "தள்ளி" வெளியேற்றும் பர்ஜ் முறை எவ்வளவு பலவீனம் என்று புரியும். கேஸ் காற்றைப் பிஸ்டன் போலத் தள்ளுவதில்லை, அதோடு கலக்கிறது. நன்றாகக் கலந்தால், குழாய் கொள்ளும் அளவு கேஸ் ஒரு தடவை ஓடிய பின்னும் 37 சதவீதம் காற்று உள்ளே இருக்கும். மூன்று தடவை ஓடினாலும் 5 சதவீதம். சுவரில் ஒட்டிய ஈரம் அப்படியே இருக்கும். ஆர் 32, ஆர் 410ஏ யூனிட்களின் எண்ணெய் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் ரகம் என்பதால் அங்கே இது இன்னும் மோசம்.

அறிகுறி: லீக் அடைத்து டாப்-அப் போட்டும் பழைய குளிர் வரவில்லை

யூனிட்டில் ஆர் 407சி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அது எடையில் 23 பங்கு ஆர் 32, 25 பங்கு ஆர் 125, 52 பங்கு ஆர் 134ஏ சேர்ந்த கலவை. ஆவியாகும் வேகம் மூன்றுக்கும் ஒன்றல்ல. ஆவி இருக்கும் பக்கம் லீக் ஆனால் ஆர் 32-ம் ஆர் 125-ம் முந்திக்கொண்டு போகும். உள்ளே மிஞ்சுவதில் ஆர் 134ஏ அதிகம். அதன் மேல் நல்ல 407சி ஊற்றினாலும் விகிதம் திரும்பாது. நின்ற அழுத்தம் அட்டவணையைவிடக் குறைவாகவே இருக்கும்.

இந்தக் கேஸுக்கு ஒரே வெப்பநிலையில் இரண்டு அழுத்தங்கள் உண்டு: திரவம் கொதிக்க ஆரம்பிக்கும் அழுத்தம் ஒன்று, ஆவி திரவமாக ஆரம்பிக்கும் அழுத்தம் இன்னொன்று. இடையில் 20 பிஎஸ்ஐக்கும் மேல் இருக்கும். நின்ற யூனிட்டில் திரவம் நிறைய இருந்தால் அட்டவணையின் முதல் பத்தியை, அதாவது திரவப் பத்தியைப் பாருங்கள். சூப்பர்ஹீட்டுக்கு (ஆவியான பிறகு கேஸ் மேலும் எத்தனை டிகிரி சூடாகியிருக்கிறது என்ற அளவுக்கு) ஆவிப் பத்தி. மாற்றிப் பார்த்துவிட்டுக் காற்று என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. சிலிண்டரிலிருந்து ஏற்றும்போதும் எப்போதும் திரவமாகவே எடுக்க வேண்டும். ஆவியாக எடுத்தால் சிலிண்டருக்குள்ளேயே விகிதம் கெட்டு, கடைசி யூனிட்டுக்குப் போவது வேறு கேஸாக இருக்கும்.

ஆர் 410ஏ-யும் கலவைதான், ஆனால் அதன் இரண்டு பாகமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆவியாகின்றன. லீக் ஆன 410ஏ-யை முழுவதும் கொட்டியே ஆக வேண்டும் என்று சொல்லிப் பணம் வாங்குவதற்கு விகிதம் கெட்டதைக் காரணம் காட்ட முடியாது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாததால் எடுத்து எடை போட வேண்டும் என்றால், அது நேர்மையான காரணம். ஆர் 32 ஒற்றைக் கேஸ், அதில் இந்தப் பிரச்சினையே கிடையாது.

அறிகுறி: ஃப்ரிட்ஜ் குளிரவில்லை, கேஸ் குறைவு மாதிரித் தெரிகிறது, ஆனால் கம்ப்ரசர் கொதிக்கிறது

ஆர் 600ஏ, அதாவது ஐசோபியூட்டேன் கேஸ் போட்ட ஃப்ரிட்ஜ்களுக்கே உரிய நோய் இது. அந்தக் கேஸ் மைனஸ் 11.7 டிகிரியில் கொதிப்பது. ஃப்ரீசருக்குள் மைனஸ் 25 ஓடும்போது அதன் அழுத்தம் வளிமண்டலத்தில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆகவே லோ சைடில் ஓட்டை விழுந்தால் ஓடும்போது கேஸ் வெளியே வராது. காற்று உள்ளே போகும். லோ சைடு குளிர்ந்து வேக்யூமில் இருக்கும்போது லீக் டிடெக்டரும் கத்தாது. நின்ற பிறகு, ஃப்ரீசர் சூடேறி அழுத்தம் ஏறிய பிறகு தேடினால் கிடைக்கும்.

அழுத்தம் குறையாமல் ஏறுவதைப் பார்த்து "கேஸ் இருக்கிறது" என்று கம்ப்ரசரை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். புதுக் கம்ப்ரசரும் அதே காற்றைத்தான் அழுத்தப் போகிறது. ஐசோபியூட்டேனோடு காற்று கலந்த யூனிட் இது என்பதையும் மறக்க வேண்டாம். டார்ச் பற்ற வைப்பதற்கு முன் கேஸை எடுத்து, உள்ளே நைட்ரஜன் விட்டுக் கழுவி, குழாயை வெட்டிப் பிரியுங்கள். பழைய பிரேஸிங் ஜாயின்ட்டை நேரடியாகச் சூடாக்கிப் பிரிப்பது வேண்டாம்.

அறிகுறி: பம்ப் டவுன் செய்யும்போது லோ சைடு பூஜ்யத்துக்குக் கீழே போகிறது

உடனே நிறுத்துங்கள். திரவ வால்வை மூடிக் கேஸை அவுட்டோருக்குள் இழுக்கும்போது லோ சைடு வேக்யூமானால், தளர்ந்த ஃப்ளேர் நட் வழியாகவோ, வால்வை மூடாமலேயே கழற்றிய குழாய் வழியாகவோ காற்று உள்ளே வரும். கம்ப்ரசருக்குள் காற்றும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து நசுங்கிச் சூடேறித் தானாகத் தீப்பிடிப்பது டீசல் இன்ஜின் ஓடும் அதே வழியில்தான். கம்ப்ரசர் வெடித்துச் சிதறிய விபத்துகள் இப்படி நடந்திருக்கின்றன. லோ சைடு பூஜ்யத்தை நெருங்கும்போதே சக்ஷன் வால்வை மூடி, கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு குழாயில் கை வையுங்கள். லீக் இருப்பது தெரிந்த யூனிட்டில் பம்ப் டவுனே வேண்டாம், ரெக்கவரி மெஷின்தான்.

அறிகுறி: சிலிண்டர் அழுத்தம் அட்டவணையோடு பொருந்துகிறது, ஆனால் கேஸ் மேல் சந்தேகம்

சிலிண்டர் பாதி தீர்ந்தும் அழுத்தம் குறையவில்லை என்று சந்தேகப்பட்டால், அது சந்தேகப்பட வேண்டிய விஷயமே இல்லை. திரவம் இருக்கும் வரை அப்படித்தான். எடை பாருங்கள்.

அழுத்தம் அட்டவணையைவிடக் கூட என்றால் காற்றோ நைட்ரஜனோ கலந்திருக்கிறது, அல்லது லேபிள் வேறு கேஸ் வேறு. சிலிண்டரை ஓர் இரவு நிழலில் வைத்து, வெப்பநிலை ஒரே சீரான பிறகு இதைப் பாருங்கள். ஏற்றி முடித்த உடனே பார்த்தால் சிலிண்டர் குளிர்ந்திருக்கும், எண் குறைவாக வரும்.

அழுத்தம் சரியாகப் பொருந்துவது மட்டும் நல்ல கேஸுக்குச் சான்று ஆகாது. 2011-ல் கப்பல்களில் ஏற்றும் குளிர்பதனக் கண்டெய்னர்கள் வெடித்துப் பராமரிப்பு வேலை செய்தவர்கள் இறந்தார்கள். உள்ளே போயிருந்தது ஆர் 134ஏ என்ற பெயரில் வந்த போலிக் கேஸ்; அதில் ஆர் 40 என்கிற மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. ஆர் 40 மைனஸ் 24 டிகிரியில் கொதிப்பது, ஆர் 134ஏ மைனஸ் 26. இரண்டின் அழுத்தமும் பக்கத்துப் பக்கத்தில். அழுத்தம் அதிகமான ஆர் 22-ஐக் கொஞ்சம் சேர்த்தால் மிச்ச வித்தியாசமும் மறைந்துவிடும், இரண்டாவது விதி சொன்னது போலவே. கேஜுக்குப் பிடிபட வழியே இல்லை. மெத்தில் குளோரைடு அலுமினியத்தோடு சேர்ந்து உருவாக்கும் பொருள், காற்று பட்டதும் தானாகப் பற்றிக்கொள்ளும்.

இன்று வீட்டு ஏசிகளிலும் காயில் பல அலுமினியம்தான். சந்தை விலையைவிட ரொம்பக் குறைவாக வரும், சீல் சரியில்லாத, லேபிளில் தயாரிப்பாளர் விவரம் இல்லாத சிலிண்டரைக் கேஜ் போட்டுப் பார்த்து "சரியாத்தானே இருக்கு" என்று ஏற்ற வேண்டாம். கேஸ் ஐடென்டிஃபையர் மெஷின் வைத்திருக்கும் பெரிய சர்வீஸ் சென்டரில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். ஆர் 40-ஐப் பிடிக்கும் மாடலா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா மாடலும் பிடிப்பதில்லை. சோதிக்க வழி இல்லையென்றால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.